மாட்ட வளக்கிறது பொம்பளைங்க, விக்கிறது யாரு?

மாடு வாங்கும்போது சுழி பாப்பாங்க, பல்லு பிடிச்சு பாப்பாங்க, மடிய தொட்டு பாத்து நாலு காம்புலயும் பால் வருதான்னு பீச்சி பாப்பாங்க, எத்தனாவது ஈத்துன்னு கேப்பாங்க. இவ்வளவும் கேட்டு வாங்கி வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தப்புறம், இந்த மாடு யாரோடதுன்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நான் வந்தவாசி பக்கம் ஒரு கிராமத்துல பொறந்து வளந்தவ, இப்ப பல வருஷமா அம்பத்தூர்ல குடும்பத்தோட இருக்கேன், ஊர்ல இருக்கற வரைக்கும் எனக்கும் இந்த கேள்வி வந்ததே இல்ல. சித்தி வீட்டு செவலைய வித்தப்புறம்தான் வந்துச்சு, வந்ததுல இருந்து போகல.

சித்தி கதைய சொல்லிடறேன். அவங்க பொண்ணுக்கு தலைப்பிரசவம், சென்னைல ஆஸ்பத்திரி, அதுக்காக சித்தி எங்க வீட்டுல வந்து தங்கியிருந்தாங்க. பேறுகாலம் முடிஞ்சு, கொழந்தைக்கு தீட்டு கழிச்சு, ஊருக்கு திரும்பி போனா கட்டுத்தறில செவலை இல்ல. சித்தப்பா வித்துட்டாரு. போர் மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு, நெல்லு காயுது, தரகர் வந்து விலை சொன்னாரு, 60,000த்துக்கு குடுத்துட்டாரு. சித்தப்பா கெட்டவர் கெடையாது, குடிக்க மாட்டாரு, அந்த காசுல ஒரு ரூபா கூட அவருக்குன்னு செலவு பண்ணல, மோட்டாருக்கும் கடனுக்கும்தான் போச்சு. ஆனா அந்த மாடு எங்க பாட்டி சித்திக்கு ஓட்டிவிட்ட கிடேரியோட வம்சம். சீர்ல வந்த கிடேரி, அது போட்ட கன்னு, அந்த கன்னு வளந்து மூணு ஈத்து ஈன்னதுதான் செவலை. விடியக்காலைல நாலரைக்கு எழுந்து சாணி அள்றது, தண்ணி காட்றது, பால் பீச்சறது, சொசைட்டிக்கு ஊத்தப்போறது, வரப்புல புல்லு அறுத்துட்டு வர்றது எல்லாம் சித்தி. "நான் போட்ட தீனிடி அது. விக்கவே கூடாதுன்னா சொல்றேன்? எனக்கு ஒரு போன் போட்டு கேட்டிருக்க கூடாதா?"ன்னு அவங்க கேட்டது எனக்கு இன்னும் மறக்கல. போன் போடாததுக்கு சித்தப்பா சொன்ன பதில் என்ன தெரியுமா, நீ அங்க புள்ள பெத்த வீட்டுல இருக்க, உன்ன எதுக்கு தொந்தரவு பண்றதுன்னு. மனசார சொன்னாரு. கேக்கணும்னே அவருக்கு தோணல, அதுதான் என்னால தாங்க முடியல.

ஒரு மாடு ஒருத்தங்களோடதுன்னு எத வச்சு சொல்றது? தீனி போட்றவங்களோடதுன்னு சொன்னா நம்ம ஊர்ல முக்காவாசி மாடு பொம்பளைங்களோடதுதான். பால் காசு யார் கைக்கு வருதோ அவங்களோடதுன்னு சொன்னா பாதி குறைஞ்சிடும். யார் விக்கலாம், யார் வேணாம்னு நிறுத்தலாம், வித்த காச யார் வச்சுக்கலாம், கன்னுக்குட்டிய யாருக்கு குடுக்கலாம்னு ஒவ்வொண்ணா கேட்டுட்டே வாங்க, கடைசில பொம்பளைங்க கைல இருக்கறது சாணிக்கூடையும் புல்லுக்கட்டும்தான். உழைப்பு முழுக்க அவங்களோடது, முடிவு அவங்களோடது இல்ல. எனக்கு விக்கிற முடிவுதான் முக்கியமா படுது, ஏன்னா வேணாம்னு சொல்ல முடியாத பொருள் எப்படி நம்மளோட பொருளாகும்?

ஆடு கோழி விஷயத்துல கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், கவனிச்சிருப்பீங்க. எங்க ஊர்ல வெள்ளாடு, நாட்டுக்கோழி எல்லாம் பொம்பளைங்க வரவு செலவுதான். பசங்களுக்கு ஸ்கூல் பேக் வாங்கணும், ஆஸ்பத்திரிக்கு போகணும், மகளிர் குழு தவணை கட்டணும்னா ஒரு கிடாய வித்துடுவாங்க, யார்கிட்டயும் கேக்க மாட்டாங்க. வசதி இல்லாதவங்க வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, ஆடு பிடிச்சு வளப்பாங்க, போடுற குட்டில பாதி வளத்தவங்களுக்கு. இதுக்கு காரணம் ஆடு சின்னது, விலை கம்மின்றது மட்டும் இல்ல. ஆட்டு வியாபாரி வீட்டு வாசலுக்கே வந்துடுவாரு, திண்ணைல உக்காந்து தூக்கி பாத்து விலை பேசுவாரு, பொம்பளைங்களே பேசி முடிச்சிடலாம். மாடு அப்படி இல்ல, சந்தைக்கு ஓட்டணும். வேலூர் பக்கத்துல பொய்கை சந்தை செவ்வாக்கிழமை கூடும், போய் பாருங்க, அவ்வளவு கூட்டத்துல விலை பேசுற பொம்பளைங்கள தேடித்தான் கண்டுபிடிக்கணும். தரகரும் விக்கிறவரும் துண்டுக்கு கீழ கைய விட்டு விரல பிடிச்சு விலை பேசுவாங்க. அடுத்த ஆம்பள கைய துண்டுக்குள்ள பிடிச்சு பேசுன்னா எந்த ஊர் பொம்பள பேசுவாங்க? யாரும் பொம்பளைங்க விக்கக்கூடாதுன்னு சட்டம் போடல, விக்கிற முறையே அவங்கள வெளிய நிறுத்தி வச்சிருக்கு. தரகர் வீட்டுக்கே வந்தாலும் "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா"ன்னுதான் முதல்ல கேப்பாரு.

இன்னொன்னு பால் சொசைட்டி. இது எனக்கு ரொம்ப நாளா புரியாம இருந்து சித்தி சொல்லித்தான் புரிஞ்சுது. முன்னாடி எல்லாம் சொசைட்டில காசு கைல குடுப்பாங்க, யார் பால் ஊத்த போறாங்களோ அவங்க கைலயே செக்ரட்டரி எண்ணி குடுத்துடுவாரு. உறுப்பினர் கார்டு சித்தப்பா பேர்லதான், ஆனா காசு சித்தி முந்தானைல. தவிடு புண்ணாக்கு கடனுக்கு போக மீதிய எடுத்து வச்சுதான் பொண்ணுக்கு ரெண்டு கிராம் மூணு கிராமா நகை சேத்தாங்க. அப்புறம் காசு எல்லாம் பேங்க் அக்கவுண்டுக்கு மாறுச்சு. மாறுனது நல்லதுதான், நடுவுல யாரும் கை வைக்க முடியாது, கணக்கு சுத்தமா இருக்கும். ஆனா அக்கவுண்டு யார் பேர்ல? உறுப்பினர் பேர்ல. ஏடிஎம் கார்டு யார் சட்டைப்பைல? அன்னில இருந்து சித்தி பால் ஊத்துறாங்க, காசு சித்தப்பா போனுக்கு மெசேஜா வருது. 2023 டிசம்பர்ல ஆவினுக்கு பால் ஊத்துறவங்களுக்கு லிட்டருக்கு 3 ரூபா ஊக்கத்தொகைன்னு அரசாங்கம் அறிவிச்சப்போ எனக்கு சந்தோஷமாதான் இருந்துச்சு, அப்புறம் யோசிச்சேன், அந்த 3 ரூபாயும் கார்டுல பேர் இருக்கறவங்க கணக்குக்குத்தானே போகும். வருஷக் கடைசில போனஸ் வந்தா அதுவும் அப்படித்தான். சொசைட்டி எலெக்‌ஷன்ல ஓட்டும் உறுப்பினருக்குத்தான், பால்ல தண்ணி இருக்கான்னு பாக்கற பால்மானிய வச்சு தெனம் பேச்சு வாங்குறவங்களுக்கு ஓட்டு இல்ல. ஒரு வரவு பெருசாகி, முறைப்படுத்தி, பேப்பர்ல ஏற ஏற அது பொம்பளைங்க கைய விட்டு நழுவும்னு ஆப்பிரிக்கால கால்நடை ஆராய்ச்சி பண்றவங்களும் பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க. நைரோபில தலைமையகம் வச்சிருக்கற சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், கால்நடை வளக்குற பொம்பளைங்களுக்கு எந்தெந்த முடிவு கைல இருக்குன்னு அளக்கவே தனியா ஒரு குறியீடு உருவாக்கி வச்சிருக்கு. அங்க மாடு ஆம்பளைங்களோடது, கோழி பொம்பளைங்களோடதுன்னு அவங்க எழுதியிருக்கறத படிச்சா நம்ம ஊர பத்தி எழுதுன மாதிரியே இருக்கு.

அரசாங்கம் ஒண்ணும் பண்ணலன்னு சொல்ல மாட்டேன், தமிழ்நாட்டுல நெறையவே பண்ணியிருக்காங்க. 2011 செப்டம்பர் 15ம் தேதி ஜெயலலிதா ஆரம்பிச்ச இலவச கறவை மாடு, ஆடு திட்டத்துல மாடு வீட்டுப் பெண்கள் பேர்லதான் குடுத்தாங்க, அஞ்சு வருஷத்துல 60,000 மாடு, 7 லட்சம் குடும்பத்துக்கு ஆளுக்கு 4 ஆடுன்றது அப்ப வச்ச இலக்கு. எங்க ஊர்ல மாடு கெடச்ச ஒரு அக்காவ வெளி மாநில சந்தைக்கு கூட்டிட்டு போய் நீயே பாத்து எடும்மான்னு விட்டாங்களாம். அந்த அக்கா அதுக்கு முன்னாடி சந்தைப் பக்கமே போனதில்ல. இன்னைக்கும் தெருவுல யாராவது மாடு வாங்க போறதுன்னா அந்த அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் போவாங்க, மடி நரம்ப பாத்தே பால் எவ்வளவு தேறும்னு சொல்லுவாங்க. அப்புறம் 2021-22ல கைம்பெண்கள், புருஷன் விட்டுட்டு போனவங்களுக்கு ஆளுக்கு 5 ஆடு குடுக்கற திட்டமும் வந்துச்சு. இதெல்லாம் வேலை செய்யுது. ஆனா பேர்ல மட்டும் பொம்பள இருந்து, காதுல டேக் போட்ட அன்னிக்கு போட்டோ எடுத்ததோட சரின்னு முடிஞ்ச வீடுகளும் உண்டு, ரெண்டு வருஷம் கழிச்சு அந்த மாட்ட யார் ஓட்டிட்டு போனாங்கன்னு யாரும் திரும்ப வந்து கேக்கல.

காது டேக்னு சொன்னதும் ஞாபகம் வருது. அந்த மஞ்ச வில்லைல இருக்கற 12 இலக்க நம்பர்தான் மாட்டுக்கு ஆதார் மாதிரி, அதோட உரிமையாளர் பேரும் கம்ப்யூட்டர்ல ஏறும். இன்சூரன்ஸ் போட்டா அந்த நம்பர்தான் போகும், மாடு செத்துட்டா டேக் இல்லாம க்ளெய்ம் கெடைக்காது, பணம் பாலிசில பேர் இருக்கறவங்களுக்குத்தான் வரும். டேக் போட வர்றவங்க "யார் பேரு போடணும்"னு கேப்பாங்க, வீட்டுல இருக்கற பொம்பளைங்களே வீட்டுக்காரர் பேர சொல்லிடுவாங்க. ரேஷன் கார்டு, கரெண்ட் பில், பட்டா எல்லாத்துக்கும் சொல்லி பழகுன வாய். நான் யாரையும் குத்தம் சொல்லல, எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க. இந்த ஒரு நிமிஷத்துல சொல்ற பேருக்கு பின்னாடி எவ்வளவு காசு போகுதுன்னு யாரும் அவங்களுக்கு சொல்லல.

கடனும் அப்படித்தான். நெலம் இல்லாதவங்களுக்கும் மாடு வச்சிருந்தா கிசான் கிரெடிட் கார்டு உண்டுன்னு 2018-19 பட்ஜெட்லயே விரிவாக்கினாங்க, ஒழுங்கா கட்டுனா வட்டி வருஷத்துக்கு 4 சதவீதம்தான் ஆகும், 2025 ஜனவரில இருந்து 2 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. இது பொம்பளைங்களுக்குன்னே பண்ண மாதிரி இருக்கு இல்ல? நாட்டுல சாகுபடி பண்ற நெலக்கணக்குல பொம்பளைங்க பேர்ல இருக்கறது 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி சுமார் 14 சதவீதம்தான், அதனால பட்டாவ கேக்காத கடன்னா அவங்களுக்குத்தான் முதல்ல போய் சேரணும். ஆனா சித்தி போய் கேட்டப்போ ஒரு பேங்க்ல சிட்டா கொண்டு வாங்க, இல்லன்னா வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எந்த பேங்க்னு வேணாம், இது ஒரு பேங்க்ல மட்டும் நடக்கற விஷயம் இல்லன்னு படிக்கிற உங்களுக்கே தெரியும்.

சட்டத்த பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நம்ம வீட்டு பொம்பளைங்களுக்கு இது தெரியவே இல்ல. நெலத்துல பொண்ணுக்கு பங்குன்ற சட்டத்த தமிழ்நாட்டுல 1989லயே கொண்டு வந்துட்டோம், மத்திய சட்டம் வர 2005 ஆச்சு, அதெல்லாம் பெருமையா பேசுவோம். மாடு அசையும் சொத்து, அத பத்தி யாரும் பேசறதில்ல. கல்யாணத்துக்கு முன்னாடியோ, கல்யாணத்துலயோ, அப்புறமோ ஒரு பொண்ணுக்கு அவ பொறந்த வீட்டுல குடுத்தது, அது நகையானாலும் மாடானாலும், இந்து வாரிசுரிமைச் சட்டம் 14வது பிரிவுப்படி முழுக்க அவளோட சொத்து. சீதனம் புருஷன் கைல இருந்தாலும் அது அவளோடதுதான், அவர் அத பாத்துக்குற ஆள் மட்டும்தான்னு 1985லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2005ல வந்த குடும்ப வன்முறை தடுப்புச் சட்டத்துல, அவளுக்கு பங்கு இருக்கற அசையும் அசையா சொத்த வித்துத் தீக்கறதும் பொருளாதார வன்முறைல சேரும்னு தெளிவா எழுதியிருக்கு, மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட போனா சீதனத்தையும் மத்த சொத்தையும் விக்கக்கூடாதுன்னு தடை வாங்கலாம். சித்தப்பா மேல கேஸ் போடணும்னு நான் சொல்ல வரல, சித்தியும் போட மாட்டாங்க. ஆனா குடிச்சிட்டு வந்து மாட்ட அவுத்துட்டு போற வீடும் இருக்கு, சண்டை போட்டு அம்மா வீட்டுக்கு போன பொண்ணோட ஆட்ட வித்து தின்ன வீடும் இருக்கு, அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

சரி, சீர்ல வராம கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேர் உழைப்புல வாங்குன மாடு? இங்கதான் சிக்கல். கோவா தவிர நம்ம நாட்டுல கல்யாணத்துக்கு அப்புறம் சேத்தது ரெண்டு பேருக்கும் பொதுன்னு சட்டம் கெடையாது, யார் பேர்ல இருக்கோ அவங்களோடது. 2010-11ல கர்நாடகா, கானா, ஈக்வடார் மூணு எடத்துலயும் குடும்ப சொத்த ஆள் வாரியா கணக்கெடுத்தாங்க. மொத்த மதிப்புல பொம்பளைங்க பங்கு ஈக்வடார்ல 52 சதவீதம், கானால 30, நம்ம பக்கத்து கர்நாடகால 19. ஈக்வடார்ல கல்யாணத்துக்கு அப்புறம் சேத்த சொத்து சட்டப்படியே ரெண்டு பேருக்கும் பொது, அந்த வித்தியாசம்தான் பெருசா தெரியுது. இங்கயும் ஒரு வெளிச்சம் வந்துச்சு, 2023 ஜூன்ல நம்ம சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல, வீட்ட பாத்துக்கிட்ட மனைவியோட உழைப்பும் சொத்து சேர காரணம், அதனால புருஷன் வாங்குன சொத்துல அவங்களுக்கும் சம பங்கு உண்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. வீட்டு வேலைக்கே அப்படின்னா, தெனம் ரெண்டு வேளை பால் பீச்சி சொசைட்டில ஊத்துன உழைப்புக்கு என்ன கணக்கு, அத லிட்டர் லிட்டரா பாஸ்புக்குலயே எழுதி வச்சிருக்கே!

தரமணில ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்ச எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினரா இருந்தப்போ 2012ல பெண் விவசாயிகள் உரிமைக்குன்னு ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தாரு. நெலம் பேர்ல இருக்கோ இல்லையோ, விவசாயம் பாக்கற பொம்பளைக்கு கிராம சபை மூலமா நீ விவசாயின்னு ஒரு சான்றிதழ் குடுக்கணும்னு அதுல இருந்துச்சு. நிறைவேறாமலே காலாவதி ஆயிடுச்சு. எனக்கு அத திரும்ப எடுக்கணும்னு ரொம்ப ஆசை, ஏன்னா சித்திகிட்ட பேங்க்ல கேட்ட கேள்விக்கு அந்த ஒரு பேப்பர் போதும். இப்ப ஒரு சின்ன நல்லது, 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச 21வது கால்நடை கணக்கெடுப்புல முதல் தடவையா கால்நடைய முக்கியமா பாத்துக்கறது ஆணா பெண்ணான்னும் கேட்டாங்க. அதோட இன்னொரு கேள்வியும் சேத்திருந்தா நல்லா இருந்திருக்கும், விக்கிறதுன்னா யார் முடிவு பண்ணுவாங்கன்னு.

இப்ப சித்தி வீட்டுல ஒரு கிடேரி நிக்குது, செவலை போட்டதுதான், அத மட்டும் சித்தப்பா விக்கல. சினை பிடிச்சிருக்கு. கன்னு போட்டு பால் ஊத்த ஆரம்பிக்கறதுக்குள்ள சொசைட்டில சித்தி பேர்ல உறுப்பினர் சேர மனு எழுதி குடுத்திருக்கோம், தபால் ஆபீஸ்ல அவங்க பேர்ல கணக்கும் ஆரம்பிச்சாச்சு, போன் நம்பரும் அவங்களோடது. டேக்ல பேர் மாத்த கால்நடை டாக்டர்கிட்ட ஆதார் ஜெராக்ஸ் குடுத்தாச்சு. சித்தப்பாவே கூட போய் கையெழுத்து போட்டாரு, முகம் கொஞ்சம் இறுக்கமாதான் இருந்துச்சாம், ஆனா போட்டாரு. ஊர்ல மாடு வச்சிருக்கற வீட்டுல இருந்து சென்னைக்கு வந்து வேலை பாக்கறவங்க இத படிச்சா, அடுத்த தடவை போகும்போது நாலு பேப்பர எடுத்து பாருங்க: பால் கார்டு, பேங்க் பாஸ்புக், டேக் பதிவு, இன்சூரன்ஸ் பாலிசி. அம்மா பேரோ அண்ணி பேரோ ஒண்ணுலயாவது இருக்கா? இல்லன்னா லீவு முடியறதுக்குள்ள சொசைட்டி செக்ரட்டரிய போய் பாருங்க, காலைல பால் ஊத்துற நேரத்துல போனா ஆள் கண்டிப்பா இருப்பாரு, ஆதார் ஜெராக்ஸ், போட்டோ, பங்குத்தொகை எவ்வளவுன்னு கேட்டு கையோட எடுத்துட்டு போங்க.